துப்பாக்கியில் கட்டிய துணி

பிள்ளைகளே,

சின்னத் தாத்தாவின் இடது கையில் கட்டைவிரலும் அதற்கு அடுத்த இரண்டு விரல்களும் ஏன் இல்லை என்று நீங்கள் கேட்டபோதெல்லாம், தீபாவளிக்கு வெடி வைத்தபோது போய்விட்டது என்று சொல்லியிருக்கிறேன். போன மாதம் பெரியவள் அதைப் பள்ளிக்கூடத்தில் கட்டுரையாகவே எழுதிவிட்டாள். பட்டாசைக் கவனமாக வெடிக்க வேண்டும் என்று கட்டுரை. டீச்சர் சிவப்பு மையில் ‘மிக நன்று’ என்று போட்டிருந்தார்கள். அப்பா கையெழுத்து வேண்டும் என்று நோட்டை நீட்டினாள். போட்டுக் கொடுத்தேன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும்போது சுற்று எண்ணிக்கை தப்பி, எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

விரல் போனது வெடியால் இல்லை, துப்பாக்கியால். அதில் என் பங்கு ஒன்று இருக்கிறது. நேரில் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தவன். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் விழுப்புரம் மாவட்டத்தில் கெடாருக்கு அந்தப் பக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். மேற்கே காப்புக்காடு. மல்லாட்டை, உங்கள் புத்தகத்தில் நிலக்கடலை, பிஞ்சு விட்டுப் பால் பிடிக்கத் தொடங்கினால் காட்டுப்பன்றி கூட்டமாக இறங்கும். ஒரு கூட்டம் இறங்கினால் காலையில் பார்க்கும்போது நிலம் ஏர் ஓட்டியதுபோலக் கிடக்கும். அதற்காக என் அப்பா, நீங்கள் போட்டோவில் மட்டும் பார்த்த உங்கள் தாத்தா, லைசென்ஸ் வாங்கி ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். இப்போது சினிமாவில் காட்டுகிற துப்பாக்கி மாதிரி நினைக்காதீர்கள். அது நீளமான ஒற்றைக் குழல். தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை உருண்டையாக்கி மேலே வைத்து, ஒரு குச்சியால் இடித்து இறுக்க வேண்டும். பின்னால் ஒரு சின்னக் காம்பு இருக்கும். அதில் கேப்பு என்கிற சின்ன வெடிமூடியை மாட்டி, குதிரையை, அதுதான் சுத்தி, இழுத்து விட்டால் கேப்பு பொரிந்து உள்ளே இருக்கிற மருந்து பிடித்துக்கொள்ளும். அப்பா குண்டு போடவே மாட்டார். வெறும் மருந்து மட்டும்தான். சத்தத்துக்கே பன்றி ஓடிவிடும் என்பார்.

அந்த மருந்தின் வாசனை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சுட்ட பிறகு குழலைக் கழுவும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். அப்பா வெந்நீர் ஊற்றிக் கழுவுவார். கறுப்புத் தண்ணீர் வாய்க்காலில் ஓடும். அம்மா மூக்கைச் சேலையால் பொத்திக்கொள்வாள்.

அப்பாவுக்கு அந்தத் துப்பாக்கி விஷயத்தில் மட்டும் பொறுமை உண்டு. மற்றதில் கோபக்காரர். மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழலில் கொட்ட மாட்டார், உள்ளே நெருப்புப் பொட்டு மிச்சம் இருந்தால் குடுவையே கையில் வெடிக்கும் என்பார். முதலில் அளவுக் கிண்ணத்தில் கொட்டி, குடுவையை மூடித் தள்ளி வைத்துவிட்டு, பிறகுதான் குழலில் ஊற்றுவார். இடிக்கும்போது முகத்தைக் குழலுக்கு நேரே காட்டக் கூடாது. பீடிக்காரன் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். கேப்பு கடைசி வேலை, நிலத்தில் நின்று மாட்டுவது. வீட்டுக்குள் கேப்போடு துப்பாக்கி வரவே கூடாது. குதிரை விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே திருப்பிப் பார்க்கக் கூடாது, குழலை வெளியே நீட்டியபடியே பொறுத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று சொல்வார். மருந்து போடும் முன்னால் குச்சியை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். குச்சி முனையில் பித்தளைப் பூண் இருக்கும். காலிக் குழலில் விட்டால் அடியில் போய் ‘டங்’ என்று தட்டும். நான்கு விரல் அளவு வெளியே நிற்கும். உள்ளே மருந்து இருந்தால் ‘பொத்’ என்று நிற்கும், ஒரு சாண் வெளியே நீளும். இருக்கிற மருந்துமேல் இன்னொரு மருந்து போட்டால் குழல் தாங்காது.

இதை எல்லாம் அப்பாதான் சித்தப்பாவுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். உங்கள் சின்னத் தாத்தா அப்பாவுக்கு ஒரே தம்பி. நான் நாலாவது படிக்கும்போது இரண்டு பேருக்கும் கிணற்றுத் தண்ணீரில் தகராறு வந்தது. யார் முறை நாளில் யார் மோட்டார் போட்டார் என்று தொடங்கி, ஒருவர் வாயிலிருந்து வரக்கூடாத வார்த்தை வந்து, அத்தோடு பேச்சு நின்றது. வீடு ஒன்றே, நடுவில் ஒரு நடை, இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் சித்தப்பாவும் சித்தியும். அந்தப் பக்கம் போய் வாய் திறந்தால் காலை ஒடித்துவிடுவேன் என்று அப்பா என்னிடம் சொல்லியிருந்தார். சித்தி குழம்புக் கிண்ணத்தை நீட்டினால்கூட நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன்.

ஆனால் துப்பாக்கி ஒன்றுதான் இருந்தது. இரண்டு பேர் நிலமும் பக்கத்துப் பக்கம். ஒரு நாள் அப்பா காவல், மறுநாள் சித்தப்பா. துப்பாக்கி நடையில் ஆணியில் தொங்கும். பேசிக்கொள்ளாத இரண்டு பேர் ஒரு துப்பாக்கியை எப்படி வைத்துக்கொள்வது? அதற்கு அவர்களாகவே ஒரு வழி வைத்திருந்தார்கள். மருந்து அடைத்தவர் விசை வளையத்தில் ஒரு பழைய கட்டம்போட்ட லுங்கித் துணியைக் கட்டிவிடுவார். சுட்டு முடித்தவர் அவிழ்த்து ஆணியில் மாட்டுவார். துணி துப்பாக்கியில் இருந்தால் உள்ளே மருந்து இருக்கிறது. துணி ஆணியில் இருந்தால் காலி. ஒரு வருஷத்துக்கு மேல் அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டது அந்தத் துணி மூலமாக மட்டும்தான். எனக்கு அப்போது அது பெரிய தந்திரமாகத் தெரிந்தது. இன்று நினைத்தால், இரண்டு வளர்ந்த ஆட்கள் தங்கள் உயிரை ஒரு கந்தலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள் என்று தோன்றுகிறது.

ஆயுதபூசைக்கு முந்தின நாள் அப்பா முறை. மருந்து அடைத்துக்கொண்டு போனார். தூறல் பிடித்துக்கொண்டது, பன்றி வரவில்லை. அடைத்த மருந்தைச் சும்மா சுட்டு வீணாக்க மனமில்லாமல், கேப்பை மட்டும் கழற்றிவிட்டு, துணி கட்டியபடியே கொண்டுவந்து மாட்டினார்.

மறுநாள் பூசை. அப்பா பொரி, கடலை, பூசணிக்காய் வாங்கப் போயிருந்தார். அம்மா என்னை எல்லாச் சாமானையும் துடைத்துக் கூடத்தில் வைக்கச் சொன்னாள். மண்வெட்டி, களைக்கொத்து, அரிவாள், சைக்கிள், ஸ்பேனர் செட், கடைசியில் துப்பாக்கி. துணியோடு சேர்த்துப் பார்த்தால் அசிங்கமாக இருந்தது. ஒரே கறை, எண்ணெய்ப் பிசுக்கு. சந்தனம் வைத்து மாலை போடுகிற இடத்தில் அதுவா என்று நினைத்தேன். அதன் அர்த்தம் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். தெரியும். பூசை முடிந்ததும் மறுபடி கட்டிவிடலாம் என்று அவிழ்த்து ஜன்னல் திட்டில் வைத்தேன்.

அம்மா அதை எடுத்துப் பொங்கல் பானை இறக்கினாள். ஓரம் பற்றிக்கொண்டது. அப்படியே அடுப்புக்குள் தள்ளிவிட்டாள். நான் தேடிக்கொண்டு போய்க் கேட்டபோது, “அந்தக் கந்தலா? அது எதுக்குடா உனக்கு?” என்று கேட்டுவிட்டுக் கரண்டியைக் கழுவப் போய்விட்டாள்.

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லியிருந்தால் முதுகில் நாலு விழுந்திருக்கும், அவ்வளவுதான். நான் சொல்லவில்லை. அப்பா வந்தார், கற்பூரம் காட்டினார், துப்பாக்கியைக் கும்பிட்டார். மாலை வளையத்தை மறைத்துக்கொண்டிருந்ததால் துணி இல்லாதது அவர் கண்ணில் படவில்லை. பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூசை முடியும்வரை யாரும் எடுக்கக் கூடாது. அதனால் அன்றைக்கு யாருக்கும் காவல் இல்லை. எல்லோரும் பின்கட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது நான் கூடத்துக்கு வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, குச்சியைக் குழலில் விட்டேன். ‘பொத்.’ வெளியே ஒரு சாண் நின்றது. கையில் பொரி ஒட்டியிருந்தது. அதைத் தின்னவும் தோன்றவில்லை, உதறவும் தோன்றவில்லை.

அந்த லுங்கியில் வேறு துணி மிச்சம் இல்லை. மஞ்சள் தோய்த்த வெள்ளைத் துணி ஒன்று கூடையில் கிடந்தது. அதில் ஒரு பட்டை கிழித்து வளையத்தில் கட்டினேன். துணி துணிதானே, எந்த நிறமாக இருந்தால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மறுபூசை ஆனதும் திண்டிவனம் கிளம்ப வேண்டும். அத்தை பையனுக்கு அன்றைக்கு நெல்லில் எழுத வைக்கிறார்கள். அப்பா செருப்பு மாட்டிக்கொண்டு தெருவில் நின்று, “பஸ்ஸு போய்டப் போவுது, ஜல்தியா வாங்க” என்று சத்தம் போட்டார். அம்மா மாலையை எல்லாம் எடுத்துவிட்டு, துப்பாக்கியைக் கொண்டுபோய் நடையில் மாட்டச் சொன்னாள். மாட்டினேன். கொல்லைப் பக்கம் சித்தப்பா பல் துலக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பல்பொடி வாயோடு லேசாகச் சிரித்தார். அன்று சாயங்காலம் அவர் முறை. நான் வாயைத் திறந்தேன். தெருவிலிருந்து அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூடிக்கொண்டேன்.

விழுப்புரத்தில் பஸ் மாறினோம். எனக்கு ஜன்னல் சீட்டு. பக்கத்தில் அப்பா, காலடியில் யாரோ வைத்த வாழைக்காய்க் கூடை. முட்டியை நீட்ட இடமில்லை. விக்கிரவாண்டி தாண்டும்போதுதான் கவனித்தேன். டிரைவர் முன்னால் ஸ்டீரிங்கில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. எதிரே வந்த லாரியில் மஞ்சள் துணி. டிராக்டரில், ரோட்டோரம் நின்ற கரும்பு ஜூஸ் மிஷினில், சைக்கிள் கடை காற்றடிக்கிற பம்பில், எங்கே பார்த்தாலும் சந்தனம், மாலை, மஞ்சள் துணி. அன்றைக்கு ஊரில் இருக்கிற இரும்பு எல்லாம் மஞ்சள் துணி கட்டிக்கொண்டுதான் இருந்தது.

சித்தப்பா அதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? பூசைக்குக் கட்டியது என்று அவிழ்த்துப் போட்டுவிடுவார். ஆணியில் லுங்கித் துணியும் இருக்காது. ஆனால் துப்பாக்கியில் அது இல்லை என்றால் அவருக்குக் காலி என்றுதானே அர்த்தம்.

ஒவ்வொரு நிறுத்தமாகப் பஸ் போனது. இறங்க முடியாது. அப்பா தூங்கி என் தோளில் சாய்ந்துவிட்டார். அவர் தலை கனத்தது. நான் நகரவில்லை.

அத்தை வீட்டில் இலை போட்டார்கள். வடை, பாயசம் எல்லாம் இருந்தது. அத்தை பையன் நெல்லில் எழுதிவிட்டு விரலைச் சூப்பிக்கொண்டிருந்தான். கூடத்துக் கடிகாரம் என் எதிரே. ஒரு மணி, ஒன்றரை. சித்தப்பா ஐந்து மணிக்குத் துப்பாக்கியை எடுப்பார். சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தேன். பாதியில் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். வெயில் பட்டிருக்கும் என்று அத்தை உப்புத் தண்ணீர் கொடுத்தாள். மூன்று மணிக்கு, அப்பா வெற்றிலை போட்டுக்கொண்டு வாசலில் நின்றபோது, பக்கத்தில் போய்ச் சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் வெற்றிலையைத் துப்பியது நினைவிருக்கிறது.

அடிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். லீவு நாள், இரண்டு எஸ்டிடி பூத் மூடியிருந்தது. மூன்றாவது திறந்திருந்தது. எங்கள் ஊரில் அப்போது போன் இருந்தது ரைஸ்மில்லில் மட்டும். அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். அப்பா வேர்த்துக் கொட்டினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் மில்காரரே எடுத்தார்.

“நான்தாங்க, திண்டிவனத்துலருந்து பேசறேன். ஒரு சேதி. எங்க தம்பிகிட்ட துப்பாக்கியத் தொட வேணாம்னு சொல்லச் சொல்லுங்க. ஆமாங்க, நான் சொன்னேன்னு.”

அந்தப் பக்கம் மில்காரர் ஏதோ கேட்டார்.

“காரணம்லாம் ஒண்ணுமில்லீங்க. நான் வந்து பாத்துக்கிறேன்.”

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். “உள்ள மருந்து இருக்குன்னு சொல்லுப்பா.” அவர் என் கையைத் தட்டிவிட்டு ரிசீவரை வைத்தார். மில்காரர் காதுக்குப் போனால் ஊருக்கே போகும். மருந்து அடைத்த துப்பாக்கியைச் சின்னப் பையன் கையில் விட்டிருக்கிறான் என்று பேசுவார்கள். லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய வருஷம் அது. இதெல்லாம் அவர் மனதில் ஓடியிருக்கும் என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்குப் புரிந்தது ஒன்றுதான். சொல்ல வேண்டியதை அவர் சொல்லவில்லை. நான் நேற்றிலிருந்து செய்துகொண்டிருந்ததைத்தான் அவரும் செய்தார்.

அம்மாவை அத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் வந்த பஸ்ஸில் ஏறினோம். வழியில் ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். கூட்ஸ் வண்டி. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. முடிந்தது என்று நினைத்தால் எதிர்ப்பக்கம் இன்னொரு வண்டிக்காகக் கேட்டைத் திறக்கவில்லை. பஸ்ஸுக்குள் புழுக்கம். யாரோ குழந்தைக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். அப்பா எழுந்து நின்றுகொண்டு கேட்டையே பார்த்தார். திடீரென்று குனிந்து, என் காதுக்குப் பக்கத்தில் சொன்னார்.

“நீ அதத் தொடல. புரியுதா? துணிய நீ தொடவே இல்ல. எவன் கேட்டாலும்.”

சரி என்று தலையாட்டினேன்.

நாங்கள் ஊர் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் கூட்டம். சித்தப்பாவை மில் வண்டியில் விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

நடந்ததைப் பிறகு பல வாயால் கேட்டேன். மில்லிலிருந்து ஆள் போனபோது சித்தப்பா நிலத்தில் இருந்தார். பத்துப் பதினைந்து பெண்கள் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வந்த ஆள் வரப்பில் நின்றபடியே, துப்பாக்கியைத் தொடக் கூடாது என்று அண்ணன் சொல்லச் சொன்னார் என்று கத்தியிருக்கிறான். பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி, “தண்ணியும் இல்ல, துப்பாக்கியும் இல்ல. இனிமே பன்னிய நீ வாயால கத்தித்தான் வெரட்டணும் போலக்கீது” என்று சொல்ல, மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். சித்தப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. நேற்றுவரை பாதி எனக்கு, பூசை போட்டதும் முழுசும் அவனுக்கா என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்கு நடந்தாராம். ஐந்து மணிகூட ஆகவில்லை. பன்றி வருகிற நேரமே இல்லை. மஞ்சள் துணியைப் பிய்த்துத் தெருவில் எறிந்துவிட்டு, மருந்து போட்டு இடித்து, நிலத்துக்குத் திரும்பி வந்து, எல்லோரும் பார்க்க வேண்டும் என்று வரப்பிலேயே நின்று சுட்டார். இடது கை குழலைத் தாங்கியிருந்தது. குழல் பக்கவாட்டில் பிளந்தது. பெண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது தெய்வச் செயல் என்றுதான் சொல்ல வேண்டும்.

போலீஸ் வந்தது. அப்பா, மருந்து அடைத்துவிட்டுத் துணி கட்ட மறந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார்கள், லைசென்ஸும் போனது. அதற்குப் பிறகு எத்தனையோ முறை ஸ்டேஷனுக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தார். ஊர் வேறு மாதிரி பேசியது. தம்பி கையை எடுக்கத்தான் வேண்டுமென்றே துணியை அவிழ்த்தான், ஊரில் இல்லாதது மாதிரி திண்டிவனம் போய் உட்கார்ந்துகொண்டான், போன் பண்ணினதுகூடச் சாட்சிக்குத்தான் என்றார்கள். சித்தி எங்கள் வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். அப்பா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால். அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. நடைக்குக் குறுக்கே செங்கல் வைத்துச் சுவர் எழுப்பினார்கள்.

அந்த நாளுக்குப் பிறகு அப்பா என்னை அடிக்கவே இல்லை, பிள்ளைகளே. மார்க் குறைந்தாலும், மோட்டார் ஸ்விட்சைப் போட மறந்தாலும் பார்ப்பார், போய்விடுவார். அடித்திருந்தால் தேவலாம் என்று இருக்கும். எதையாவது உடைத்துவிட்டு வேண்டுமென்றே அவர் எதிரில் போய் நின்று பார்த்தேன். அதற்கும் அடிக்கவில்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஒரு கூண்டுக்குள் வைத்துப் பூட்டினார், அவரும் உள்ளேயே இருந்துகொண்டார். பத்தாவது முடித்ததும் விழுப்புரத்துக்கு வேலை கற்றுக்கொள்ள ஓடிவந்ததற்குப் படிப்பு ஏறாதது மட்டும் காரணமில்லை. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியவில்லை.

அப்பா சாகிறவரை அண்ணன் தம்பி பேசவில்லை. அப்பா செத்தபோது சித்தப்பா வந்தார். தெருவிலேயே நின்றார். வாய்க்கரிசி போட மட்டும் உள்ளே வந்து, மற்றவர்களுக்கு முன்னால் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் நான் அவரிடம் போக வர ஆரம்பித்தேன். உங்களையும் கூட்டிக்கொண்டு போனேன். நீங்கள் கையைப் பற்றிக் கேட்டது அப்போதுதான். அவர் எதிரிலேயே நான் வெடி என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு சின்னவனிடம், “ஆமாண்டா, லட்சுமி வெடி” என்றார். நீங்கள் பயந்துவிடக் கூடாது என்று நான் அப்படிச் சொல்கிறேன் என்று அவர் நினைத்திருப்பார்.

கட்டுரையில் கையெழுத்துப் போட்ட அந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, மோட்டார் பார்க்க வேண்டும் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டு ஊருக்குப் போனேன். சித்தி போய் இரண்டு வருஷம் ஆகிறது, வீட்டில் அவர் மட்டும்தான். கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் என்னென்னவோ சேர்த்து வைத்துக்கொண்டு போனேன். கடைசியில் வந்தது இவ்வளவுதான்.

“சித்தப்பா, அந்தத் துணிய அவுத்தது நான். அப்பா இல்ல.”

அவர் செம்பைக் கீழே வைத்தார். பூசை, ஜன்னல் திட்டு, அடுப்பு, மஞ்சள் துணி, எல்லாவற்றையும் சொன்னேன். எஸ்டிடி பூத்தையும் சொன்னேன். அங்கே வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நீ சொல்லச் சொன்னியா, உள்ள மருந்து இருக்குன்னு?”

“சொன்னேன்.”

“அவன் சொல்லல.”

“இல்ல.”

“மூணு வார்த்தடா அது. ‘உள்ள மருந்து இருக்கு.’ அந்த மூணு வார்த்த வந்திருந்தா நான் ஏன் தொடப் போறேன்?” குரல் உயரவில்லை. பிறகு தன் கையைப் பார்த்தார். “ஏன், எனக்குந்தான் குச்சிய வுட்டுப் பாக்கத் தெரியும். அவன்தான சொல்லிக் குடுத்தான். பொம்பளைங்க சிரிச்சிக்கினு இருந்தாங்க. எதையும் பாக்கல.”

செம்பில் உட்கார்ந்த ஈயை நான் ஓட்டினேன்.

“இத்தினி வருசமா அவன் வேணும்னு பண்ணான்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். வாய்க்கரிசி போடறப்போகூட.” நடைச் சுவரைப் பார்த்தார். “முன்னாடியே சொல்லியிருந்தின்னா, அவன் இருக்கச்சயே…”

அதை முடிக்கவில்லை. அப்பா சொல்லக் கூடாது என்றார் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு நாற்பதுக்கு மேல் வயதாகிவிட்டது. சொல்லாமல் விட்டேன்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. உங்களுக்காக நான் அப்படி எழுதிவிட்டால் இதுவும் ஒரு பொய்யாகிவிடும். கூழை முழுசாகக் குடித்தார். செம்பைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு வந்து என் எதிரில் உட்கார்ந்து வலது கையை நீட்டினார்.

“நெகம் வளந்து கெடக்குது பாரு. உங்க சித்தி வெட்டி வுடுவா. இடது கையால இந்தக் கைக்கு வெட்ட வரல. மாடத்துல பிளேடு கீது, எடு.”

எடுத்து வந்தேன். அந்தக் கை நல்ல கை. ஐந்து விரலும் இருந்தது. நகம் நீண்டு, ஓரம் மடிந்து, உள்ளே மண் ஏறியிருந்தது. தண்ணீர் தொட்டு ஊறவைத்து ஒவ்வொன்றாக வெட்டினேன். இடது கை அவர் மடியில் கிடந்தது. “ஒட்ட வெட்டாத, மண்ண தொட்டா எரியும்” என்று ஒரு தடவை சொன்னார். முடிந்ததும் விரலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்.

வெட்டின நகம் வீட்டுக்குள் கிடக்கக் கூடாது என்பார்கள். தரையில் சிதறியிருந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு காகிதத்தில் எடுத்துக்கொண்டேன். கொல்லைப் பக்கம் போனேன். வெயிலில் யாரும் இல்லை. வேலி ஓரம் களைக்கொத்தால் ஒரு சின்னக் குழி தோண்டி, காகிதத்தோடு உள்ளே வைத்து, மண்ணைத் தள்ளி மூடி, மேலே காலால் மிதித்தேன்.